இறங்கிய கன்னம்: ஊசியா, நூலா, சத்திரசிகிச்சையா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன், வயது 57, ஆசிரியை. ஐந்து வருடமாக நீரிழிவுக்கு மெற்போமின் எடுக்கிறேன். கடந்த இரண்டு வருடத்தில் 11 கிலோ மெலிந்துவிட்டேன். மேல்வாய்க் கடைவாய்ப் பற்கள் நான்கைப் பிடுங்கியாயிற்று. கன்னம் இரண்டும் கீழே இறங்கி, மூக்கடியிலிருந்து வாய் ஓரம் வரை கோடு ஆழமாக விழுந்திருக்கிறது. இடது பக்கம் கொஞ்சம் கூட. ஆவணியில், இன்னும் ஐந்து மாதத்தில், மகளின் கல்யாணம். டவுனில் ஒரு பியூட்டி பார்லரில் நூல் போட்டுத் தூக்கிவிடலாம் என்கிறார்கள். கனடாவிலிருந்து வந்த மச்சாள் ஊசியே போதும் என்கிறார். மகன் "இந்த வயதில் எதற்கம்மா" என்கிறான். எனக்கு எது சரிவரும்?

பதில்: மகனின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நரைக்கு டை பூசுகிறோம், விழுந்த பல்லுக்குப் பல் கட்டுகிறோம். தினமும் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன் நிற்கும் ஒருவர், தன் முகம் எப்போதும் களைத்ததுபோலத் தெரிகிறதே என்று கவலைப்பட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விருப்பம் உங்களுடையது. ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

11 கிலோ எப்படிக் குறைந்தது? சாப்பாட்டைக் குறைத்து, நடந்து குறைத்தீர்களா, தானாக மெலிந்ததா? நீங்கள் எழுதவில்லை. தானாக மெலிந்திருந்தால் கன்னத்தை மறந்துவிட்டு, இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். சீனி கட்டுக்குள் இல்லாததாலும், தைரொயிட் கூடுவதாலும், இன்னும் கவனிக்க வேண்டிய வேறு காரணங்களாலும் உடல் மெலியும். அடுத்தது அந்த இடது பக்கம். இரண்டு கன்னமும் அச்சொட்டாக ஒன்றுபோல இருப்பவர் யாருமில்லை. ஒரே பக்கமாகப் படுக்கும் பழக்கம் இருந்தால் அந்தப் பக்கம் கூடுதலாகத் தொய்யலாம். பழைய படங்களிலும் அப்படித்தான் இருந்தால் பயமில்லை. ஆனால் எவருக்காவது திடீரென்று ஒரு பக்க வாய் கோணினால், கண் மூட முடியாமல் போனால், பேச்சுக் குளறினால் அது வயதுத் தளர்ச்சி அல்ல, பக்கவாதமாக இருக்கலாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

சரி, கன்னத்துக்கு வருவோம். தோல் தொங்குகிறது, இழுத்துக் கட்டினால் போதும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். தோல் அதில் ஒரு பங்குதான். வயது ஏற ஏறக் கண்குழியின் கீழ் விளிம்பும் மேல்தாடை எலும்பும் மெல்ல உள்வாங்குகின்றன. எலும்பை ஒட்டிய ஆழமான கொழுப்பு வற்றுகிறது. அதன் மேலே உள்ள கொழுப்பு தாங்க ஆளில்லாமல் சரிகிறது. கன்னத்தை எலும்போடு பிடித்துவைக்கும் நார்க்கட்டுகளும் தளர்கின்றன. மூக்கடிக் கோடு என்று நீங்கள் சொல்வது தோலில் விழுந்த வெடிப்பு அல்ல, சரிந்த கன்னத்தின் கரை. அதனால்தான் கோட்டை மட்டும் ஊசியால் நிரப்பினால் முகம் உப்பித் தெரியுமே தவிர, இளைப்பாறியதுபோலத் தெரியாது. நம் தோலின் நிறம் மெல்லிய சுருக்கங்களைத் தள்ளிப்போடும். கன்னம் இறங்குவதை அது தடுக்காது.

உங்களுக்கு இன்னும் இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது. மெலிவு முகக் கொழுப்பையும் எடுத்துக்கொண்டது. கடைவாய்ப் பல் போன இடத்தில் தாடை எலும்பு தேய்ந்து, கன்னத்துக்கு உள்ளிருந்த தாங்கலும் போயிற்று. அதனால் நான் முதலில் அனுப்புவது பல் வைத்தியரிடம். நன்றாகப் பொருந்தும் பல் செட் ஒன்று கன்னத்தின் குழிவைக் கொஞ்சம் நிரப்பும், சாப்பாடும் சரியாக இறங்கும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, கைக்கண்ணாடியை முகத்துக்கு நேர் மேலே பிடியுங்கள். நிற்கும்போது தெரிந்த கோடு படுத்தவுடன் பெருமளவு மறைந்தால், உங்களுக்குச் சரிவுதான் கூட. படுத்தபோதும் கண்ணுக்குக் கீழே பள்ளமும் கன்னத்தில் குழிவும் அப்படியே இருந்தால், வற்றியதுதான் கூட. சரிவைத் தூக்க வேண்டும், வற்றியதை நிரப்ப வேண்டும். மச்சாளுக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

நிரப்புவதற்கு இன்று அதிகம் பயன்படுவது ஹயலூரோனிக் அமில ஃபில்லர், அதாவது ஊசியால் ஏற்றும் ஜெல். கன்ன எலும்பின் மேல் ஆழத்தில் வைத்தால் பொதுவாக ஒன்று முதல் ஒன்றரை வருடம் நிற்கும். பிடிக்கவில்லை என்றால் ஹயலூரோனிடேஸ் என்ற மருந்தால் கரைத்துவிடலாம், அது பெரிய வசதி. ஆனால் இதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். ஃபில்லர் தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் வெளிறி, வலைபோல நீலம் பாய்ந்து, அந்த இடம் செத்துப்போகலாம். மிக அரிதாகப் பார்வையே போயிருக்கிறது. அந்த நேரத்தில் நிமிடக் கணக்கு முக்கியம். ஆகவே ஊசி போடுகிறவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: குழாய் அடைத்தால் என்ன செய்வீர்கள், கரைக்கும் மருந்து இப்போது இந்த அறையில் இருக்கிறதா? தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நூல் விஷயத்துக்கு வருகிறேன். கரையும் நூல்களில் முள்போன்ற கொக்கிகள் இருக்கும், அவை கொழுப்பைக் கொளுவி மேலே இழுக்கும். போட்ட அன்று கண்ணாடியில் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும். பரவலாகப் போடப்படும் பிடிஓ நூல் ஆறு மாத அளவில் கரைந்துவிடும், தூக்கிய கன்னமும் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் இறங்கிவிடும். தோலில் பள்ளம் விழுவது, நூல் முனை வெளியே தள்ளுவது, சீழ் பிடிப்பது எல்லாம் நடக்கும். மெலிந்த முகத்தில் நூலின் தடம் வெளியே தெரியும். நீரிழிவும் உள்ள உங்களுக்கு, அதுவும் ஒரு பார்லரில், இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். தோலைத் துளைத்து உள்ளே பொருள் வைப்பது வைத்தியருடைய வேலை. அதைச் செய்கிறவரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்ட், ரேடியோ அலை இயந்திரங்களால் உள்ளே சூடு கொடுத்துத் தோலை இறுக்குவார்கள். கருமையான தோலுக்கு லேசரைவிட இவை பயம் குறைந்தவை. பலன் இரண்டு மூன்று மாதத்தில் மெல்லத் தெரியும், ஆனால் சிறிதளவுதான். சூடு ஆழம் தவறினால் இருக்கிற கொழுப்பும் கரையும் என்பதால் மெலிந்த கன்னத்துக்கு நான் தேட மாட்டேன்.

உண்மையாகத் தூக்குவது சத்திரசிகிச்சைதான். முன்பு தோலை மட்டும் இழுத்துத் தைத்தார்கள், முகம் காற்றில் இழுபட்டதுபோல ஆனது. 1976இல் மிட்ஸ், பெரோனி என்ற இருவர் தோலுக்கு அடியில் உள்ள நார்ப்படலத்தை விவரித்த பிறகு, இழுவிசையைத் தோலிலிருந்து அந்தப் படலத்துக்கு மாற்றினார்கள். அதிலும் சாதாரண முறை தாடைக்கும் கழுத்துக்கும்தான் நன்றாக உதவும். நடுக்கன்னம் உயர, நார்க்கட்டுகளை விடுவித்துக் கன்னத்தை ஒரே தட்டாக மேலே நகர்த்தும் ஆழ்தள முறை வேண்டும், இல்லாவிட்டால் நெற்றிப்பொட்டு மயிருக்குள் சிறு வெட்டு வைத்து உள்நோக்கிக் கருவியால் தூக்கும் முறை. கீழ் இமை வழியாகவும் செய்வார்கள், ஆனால் அதில் இமை கீழே இழுபடும் அபாயம் உண்டு. தோலுக்கடியில் இரத்தம் கட்டுவதுதான் அடிக்கடி வரும் சிக்கல், பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்தில். முகநரம்பு சில வாரம் பலவீனப்படலாம், நிரந்தரமாவது அரிது. பலன் பத்து வருட அளவில் நிற்கும்.

உங்களுக்கு இதை இப்போது வேண்டாம் என்பேன். எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை 8க்கு மேல் இருந்தால் அழகுக்கான வெட்டுக்கு நான் சம்மதிக்க மாட்டேன், காயம் சரியாக ஆறாது. பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்க நீங்கள் பெரும்பாலும் கொழும்புக்கோ கண்டிக்கோ போக வேண்டியிருக்கும். கொழும்பு என்றால் ஏறக்குறைய 260 கிலோமீற்றர், முதல் ஒரு வாரமாவது அங்கேயே தங்க வேண்டும். கல்யாண வேலைக்கு நடுவில் அது வேண்டாம். மாலை மாற்றிய பிறகு, அடுத்த வருடம் ஆறுதலாக யோசிக்கலாம்.

ஆவணிக்கு முன் செய்யக்கூடியது இது: இந்த மாதம் பல் வைத்தியர், கூடவே எச்பிஏ1சி. சீனி கட்டுக்குள் இருந்தால், கல்யாணத்துக்கு ஆறு வாரம் முன்பு தோல் விசேட நிபுணரிடம் அளவாக ஃபில்லர். பல் வேலைக்கும் ஊசிக்கும் இடையில் இரண்டு வாரமாவது விடுங்கள். அஸ்பிரின் எடுப்பவராக இருந்தால், ஊசிக்காக நீங்களாக நிறுத்த வேண்டாம், முன்கூட்டியே சொல்லுங்கள். நிலாவெளி வீதியில் ஸ்கூட்டரில் போகும் வெயில் சின்ன விஷயமல்ல. காலையிலேயே எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசுங்கள். வெள்ளையாக்கும் கிரீம் ஏதும் பாவித்தால் விட்டுவிடுங்கள், ஸ்டீரொயிட் கலந்தவை தோலை இன்னும் மெலிதாக்கும்.

நிபுணரிடம் போகும்போது கிளினிக் கொப்பியோடு, பதினைந்து வருடத்துக்கு முந்தைய படம் ஒன்றையும் கொண்டுபோங்கள். அடையாள அட்டைப் படம் வேண்டாம், நீங்கள் சிரித்தபடி இருக்கும் படம்.