அக்காவின் சம்பளம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணியில் முதுகலை) முடித்துவிட்டு, சென்னைக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அங்கே ஒரு வாடகை வீட்டில் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளான நான்கு பெண்கள் வசிக்கிறார்கள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், பல வருடங்கள் காப்பகத்தில் இருந்தவர்கள். சமையல், குளியல், மருந்து, கடைக்குப் போவது என எல்லாவற்றிலும் நான் கூட இருக்க வேண்டும். “இவ்வளவு படிச்சது ஆயா வேலை பாக்கவா?” என்று அம்மா கேட்கிறார். போன வாரம் அந்த வீட்டு அக்கா ஒருவர் கைத்தொழிலில் கிடைத்த மாதச் சம்பளம் முழுவதையும் வளையலுக்குக் கொடுக்கப் போனார். தடுத்து, பணத்தை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் பாராட்டினார்கள். அக்காவோ என்னோடு பேசுவதில்லை. இதை வாழ்நாள் தொழிலாகக் கொள்ளலாமா?

ம.

அன்புள்ள ம.,

முதலில் அந்தப் பணத்தை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாதக் கடைசியில் அவர் கையில் காசில்லாமல் நிற்கக் கூடாது என்ற உங்கள் பதைப்பு புரிகிறது. ஆனால் சம்பளம் வந்ததும் புடவை எடுத்துவிட்டு இருபதாம் தேதிக்கு மேல் கைமாற்று கேட்கிற எத்தனையோ பேரை நமக்குத் தெரியும். யாருடைய பர்ஸையும் நாம் பிடுங்குவதில்லை. காப்பகத்தில் எழுவதும் உண்பதும் தூங்குவதும் அடுத்தவர் சொன்ன நேரத்தில் நடந்திருக்கும். பணம் தீர்ந்துபோகும் என்பதைக்கூட, பணம் கையில் இருந்தால்தானே ஒருவர் தெரிந்துகொள்ள முடியும்? வளையல் வாங்கிவிட்டு, கடைசி வாரம் டீக்கடைக்குப் போக முடியாமல் இருந்து பார்த்தால் அடுத்த மாதம் அவரே யோசிக்கலாம். யோசிக்காமலும் போகலாம். அதுவும் அவர் இஷ்டம்.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சம்பள நாளன்று அவரோடு உட்கார்ந்து வாடகைக்கு, மளிகைக்கு, மருந்துக்கு என்று உறைகளில் பணத்தைப் பிரிக்கலாம். படிக்கத் தெரியாவிட்டால் உறை மேல் படம் ஒட்டலாம். பிரிப்பது அவர் கையாக இருக்கட்டும். மிச்சம் முழுவதும் வளையலுக்கு என்றால் வளையலுக்கே. கடைக்காரர் ஏமாற்றினாலோ, உறவினர் மிரட்டிப் பறித்தாலோ, மாத்திரை வாங்க இருந்த பணமே போகிறது என்றாலோ பேசாமல் இருக்காதீர்கள். எது ஆபத்து, எது வெறும் ஆசை என்று ஒவ்வொரு நாளும் நிதானித்துப் பிரித்தறிவதுதான் இந்த வேலையில் கடினமானது. அதற்குத்தான் உங்கள் படிப்பு தேவைப்படுகிறது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமையை 13ஆம் பிரிவில் தருகிறது. ஆதரவு தருபவர் தன் விருப்பத்தை மாற்றுத்திறனாளி மேல் திணிக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. 5ஆம் பிரிவு சமூகத்தில் வாழும் உரிமையையும், இன்ன இடத்தில்தான் வசிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பதையும் பேசுகிறது. உங்களைப் பாராட்டிய அலுவலகத்தில் இவற்றை ஒருமுறை எல்லோரும் சேர்ந்து வாசித்தால் நல்லது.

உங்கள் தொழிலுக்கு ஒரு முன்கதை உண்டு. எட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர் 1953இல், பதினான்கு வயதில், போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். சுவாசத்துக்கு இரும்பு நுரையீரல் என்ற பெரிய இயந்திரம் வேண்டும். 1962இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவர் தங்கத் தோதான விடுதியில்லாமல், வளாக மருத்துவமனையில்தான் இடம் கிடைத்தது. பின்னால் அவரைப் போன்ற வேறு மாணவர்களும் அங்கே வந்தார்கள். உதவியாளரை வேலைக்கு எடுப்பது, பழக்குவது, சரிவராவிட்டால் அனுப்பிவிடுவது எல்லாம் அந்த மாணவர்கள்தான். தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தீர்மானித்து வாழ்வதற்காக மாற்றுத்திறனாளிகளே நடத்திய ‘சுயவாழ்வு மையம்’ 1972இல் பெர்க்லியில் அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. நீங்கள் வேலை பார்க்கும் வீட்டில் தங்களுக்கு உதவ யார் வர வேண்டும் என்று அந்த நான்கு பேரிடமும் யாராவது கேட்டார்களா என்பது எனக்கு முக்கியமான கேள்வி.

நம் ஊரிலும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. சென்னையில் 1993இல் தொடங்கிய ‘தி பேன்யன்’ அமைப்பு, மனநோயால் நீண்டகாலம் விடுதியில் தங்கிவிட்ட பெண்களை ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தின் மூலம் சாதாரணத் தெருக்களில் உள்ள வாடகை வீடுகளில் சிறு குழுக்களாகக் குடியமர்த்தியது. அங்கே கூடவே இருந்து உதவும் பணியாளர்கள் மருத்துவ நிபுணர்கள் அல்லர். என்ன குழம்பு வைப்பது, எப்போது கோயிலுக்குப் போவது என்று தீர்மானிக்க ஒருவருக்கு மனநல மருத்துவர் தேவையில்லையே.

நான் பார்த்து வியந்த ஒரு பணியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் ஆளைத் தனியாகப் பேருந்தில் போகப் பழக்கினார். முதலில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனார். பிறகு நாலு வரிசை பின்னால். பிறகு இறங்கும் நிறுத்தத்தில் மட்டும் காத்திருந்தார். கடைசியில் போனில் “வந்துட்டேன்” என்ற ஒரு சொல்லோடு சரி. அவ்வளவு பொறுமையாக விலகத் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. செய்துகொடுத்துவிட்டு நகர்வது அவருக்கு ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் இருக்கத்தான் மாதங்கள் பிடித்தன.

அம்மாவுக்கு என்ன சொல்வது? “ஆயா வேலை இல்லைம்மா, இது ப்ரொஃபஷன்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். குளிப்பாட்டுவதும் கால் கழுவி விடுவதும் இந்த வேலையில் உண்டு. அந்த வேலைகளைக் காலங்காலமாகச் சில சாதியினர் தலையிலும் பெண்கள் தலையிலும் கட்டிவிட்டு, பிறகு அவற்றை இழிவு என்று சொன்ன சமூகம் இது. ஆயாவைத் தாழ்த்தி உங்களை உயர்த்திக்கொள்ள வேண்டாம். படுக்கையில் இருப்பவரைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கவும், அவர் கூச்சப்படாமல் குளிக்கவைக்கவும் தேர்ச்சி வேண்டும். அனுபவமுள்ள ஆயாக்களிடம்தான் அதை நீங்கள் கற்றுக்கொள்வீர்கள்.

அம்மாவின் கவலையில் நியாயமும் இருக்கிறது. இந்தத் துறையில் சம்பளம் குறைவு. பல வேலைகள் திட்ட நிதி இருக்கும்வரைதான். “சேவை மனப்பான்மை” என்று சொல்லி வார விடுமுறையையும் பறிக்கும் இடங்கள் உண்டு. பணி ஆணை, பி.எஃப்., இரவுப் பணிக்கு மாற்று ஆள், இவற்றைக் கேட்டு வாங்குங்கள். களைத்துப்போன பணியாளர்தான் எல்லாவற்றையும் சீக்கிரம் முடிக்க, தானே செய்துவிடத் தொடங்குகிறார். இந்த நிபந்தனைகள் கிடைக்குமென்றால் தாராளமாக வாழ்நாள் முழுக்க இதில் இருங்கள். இப்படி வீட்டில் உடனிருந்து உதவும் வேலையில் சில வருடங்கள் ஊறியவர்கள் மேற்பார்வைக்கு வந்தால்தான் மேற்பார்வையும் உருப்படும்.

அம்மாவை ஒருநாள் அங்கே அழைத்துப் போகலாமே. முன்கூட்டியே அந்த நான்கு பேரிடமும் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம், அம்மாவிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.