எல்கேஜி சேர்க்கும் முன் வீட்டில் குழந்தைக்கு என்ன பழக்கலாம்?

பள்ளிக்குத் தயாராவது என்றால், அம்மா அருகில் இல்லாமல் சில மணி நேரம் இருப்பதும், தண்ணீர் வேண்டும், சிறுநீர் வருகிறது என்று வாய்விட்டுக் கேட்பதும், கையால் சிறு வேலைகள் செய்வதும்தான்.

மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது. மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகள் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புகள். மூன்று வயதில் அவற்றில் ஏறத்தாழ மூன்றுதான் எலும்பாக மாறத் தொடங்கியிருக்கும். பூச்சு காயாத சுவரில் ஆணி அடித்தால் என்ன ஆகும்? அதுபோலத்தான் இதுவும்.

பென்சிலுக்குப் பதில், சப்பாத்திக்குப் பிசையும்போது ஓர் உருண்டை மாவை உங்கள் மகளிடம் கொடுங்கள், நசுக்கட்டும், உருட்டட்டும். பச்சைப் பட்டாணி உரிக்கச் சொல்லுங்கள் (வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்திலேயே இருங்கள்). கோலமாவைக் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் சேர்த்து அவள் கிள்ளி எடுப்பதைக் கவனியுங்கள். பின்னாளில் பென்சிலைப் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தான். டிபன் பாக்ஸ் மூடியை அவளே திறக்கட்டும். ஐந்து நிமிடம் ஆனாலும் நீங்கள் திறந்து கொடுத்துவிடாதீர்கள்.

இரவில் ஒரு கதை சொல்லி, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று அவளையே கேளுங்கள்.

அ, ஆ எழுதத் தெரிந்தால்தான் பிள்ளை தயார் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை, எழுத்து பள்ளியில் கற்றுக்கொள்ள வேண்டியது.