ஒட்டிய கோட்டும் தைத்த கோட்டும்

கேள்வி: உங்களுக்குப் பிடித்த உடை எது என்று கேட்ட வாசகருக்கு, ‘பழைய பிரிட்டிஷ் பாணிக் கோட்டும் கால்சட்டையும்’ என்று சென்ற இதழில் பதில் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி, லண்டனில் ஒரு பெரிய கடையில் 400 பவுண்டு கொடுத்து அந்தப் பாணியில் ஒரு கோட் வாங்கி வைத்திருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: இரண்டே ஆண்டில் அதன் மார்புப் பகுதி கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. பிரபுக்களின் படாடோபத்தைத் தமிழர்களுக்குச் சிபாரிசு செய்வது சரிதானா?
– வாசகர் ஒருவர், ஹாரோ

பதில்: மார்பில் கொப்புளம் எழும்பியது என்று நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே அந்தக் கோட் எப்படிச் செய்யப்பட்டது என்பது தெரிந்துவிடுகிறது. நான் விரும்புவதாகச் சொன்ன பொருளின் சாயலைத்தான் உங்களுக்கு விற்றிருக்கிறார்கள். கோட்டின் முன்பக்கம் துவண்டு தொங்காமல் நிற்பதற்கு, மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே இன்னொரு அடுக்கு வேண்டும். பழைய முறையில் அது குதிரைமுடி கலந்து நெய்த கேன்வாஸ். தையற்காரர் அதைச் சின்னச் சின்னத் தையல்களால் இறுக்காமல் பிடித்து வைப்பார். போடுபவரின் உடல் சூட்டில் அது நாளடைவில் அவருடைய மார்புக்கு ஏற்ப வளைந்துகொள்ளும். நேரத்தையும் கூலியையும் குறைக்க நினைக்கும் தொழிற்சாலையோ, பசை பூசிய துணியை மேல்துணியின் பின்புறம் வைத்துச் சூடாக அழுத்தி ஒட்டிவிடுகிறது. பல ஆண்டுகள் தாங்கும் நல்ல பசையும் உண்டு. மட்டமான பசை டிரை கிளீனிங்கிலும் இஸ்திரிச் சூட்டிலும் ஆங்காங்கே விட்டுப்போகும். விட்டுப்போன இடங்கள்தான் உங்கள் கொப்புளங்கள். அவற்றைத் திரும்ப ஒட்டிச் சீராக்குவது பெரும்பாலும் முடியாத காரியம்.

அடுத்த முறை விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்பு, கடைசிக் காஜாவுக்குச் சற்றுக் கீழே மேல்துணியை ஒரு கையாலும் உள்பக்கத் துணியை மறு கையாலும் கிள்ளிப் பிடித்து, மெல்ல விலக்கிப் பாருங்கள். நடுவே மூன்றாவது அடுக்கு ஒன்று தனியாக நழுவுவது விரலுக்குத் தெரிந்தால் அது கேன்வாஸ். இரண்டே அடுக்குதான், அதிலும் மேல்துணி அட்டை போல விறைப்பாக இருக்கிறது என்றால் ஒட்டிய கோட். மார்பு வரைக்கும் மட்டுமே கேன்வாஸ் வைத்த கோட்டுகளும் இருப்பதால், மார்புப் பக்கமும் இதே போலக் கிள்ளிப் பார்த்துவிடுங்கள்.

படாடோபம் என்ற குற்றச்சாட்டில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஹென்றி பூல் என்ற தையல் நிறுவனம் 1846 முதல் பெயர் நாட்டிய, லண்டனின் தையற்கடைத் தெருவான சாவில் ரோவில், ஒரு சூட்டுக்கு 50 மணி நேரத்துக்கும் மேலான கைவேலை சேருகிறது. விலையும் பெரும்பாலான கடைகளில் 5,000 பவுண்டைத் தாண்டுகிறது. என் வருமானத்தில் அது நடக்காது. நகருக்குள் பழுப்பு நிற ஷூ போடக்கூடாது என்பது போன்ற பழைய விதிகள், வெளியாளை அடையாளம் கண்டு ஒதுக்குவதற்கே உதவின. அவற்றை நான் பொருட்படுத்துவதில்லை. ராணுவப் படைப்பிரிவுகளின் கோடு போட்ட டையை மட்டும் நான் கட்டுவதில்லை. அது அந்தப் பிரிவில் பணியாற்றியவர்களுக்கு உரியது.

நீங்கள் காணத் தவறிய மறுபாதிதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிட்டிஷ் பாணியில் உடைக்குப் பெருமை பழையதாவதில் இருக்கிறது. மன்னர் சார்ல்ஸ் இளைய மகனின் திருமணத்துக்கு 2018-இல் அணிந்து வந்த மார்னிங் கோட் (பகல் விழாக்களுக்குரிய, பின்பக்கம் நீண்ட கோட்) 1984-இல் தைத்தது. ஒட்டுப்போட்ட கோட்டுடனும் ஒட்டுப்போட்ட ஷூவுடனும் அவர் பலமுறை படமெடுக்கப்பட்டிருக்கிறார். சவுத் ஷீல்ட்ஸ் ஊரில் 1894-இல் தொடங்கிய பார்பர் நிறுவனம், தான் விற்ற மெழுகுத்துணிக் கோட்டுகளை வாடிக்கையாளர் அனுப்பினால் புது மெழுகு ஏற்றியும் கிழிசல் தைத்தும் தருகிறது. பிரித்துச் சரிசெய்ய இடம் வைத்துச் செய்யப்பட்ட பொருளைப் படாடோபம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

என்னுடைய கோட் ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணியில் தைத்தது. பழைய துணி விற்கும் அறக்கட்டளைக் கடை ஒன்றில் 38 பவுண்டுக்கு வாங்கியது. ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் சாயமேற்றி நூற்ற கம்பளியை, அந்தத் தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்தால்தான் அந்தப் பெயரைச் சூட்டலாம் என்று 1993-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தறியை ஓட்டுவது மின்சாரமல்ல, நெசவாளியின் கால். நூற்பதற்கு முன்பே கம்பளிக்குச் சாயமேற்றிக் கலந்துவிடுவதால், எட்ட நின்றால் வெறும் பழுப்பாகத் தெரியும் துணியைக் கண்ணருகே கொண்டுவந்தால் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று தனித்தனி இழைகள் தெரியும். கோட்டின் கை எனக்குக் குட்டையாக இருந்தது. உள்ளே மடித்து விட்டிருந்த துணியைத் தெருமுனைத் தையற்காரர் பிரித்து இறக்கித் தந்தார். முன்பு மடிந்திருந்த அந்த ஒரு விரல் அகலம் மட்டும் வெளிச்சம் படாமல் இன்னும் கருமையாக இருக்கிறது. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை; எனக்கு முன்பு இதைப் போட்டிருந்தவரின் கை எந்த அளவில் முடிந்தது என்பதை அந்தக் கோடு காட்டுகிறது.

மறுபடியும் 400 பவுண்டு செலவிடுவதாக இருந்தால், கோட்டைப் பழைய துணிக் கடைகளில் தேடிவிட்டு, மிச்சப் பணத்தை நார்தாம்டனில் ஒரு ஜோடி ஷூவில் போடுங்கள். 1829-இல் தொடங்கிய டிரிக்கர்ஸ், 1879-இல் தொடங்கிய குரோக்கெட் அண்டு ஜோன்ஸ் ஆகிய ஷூ நிறுவனங்கள் இருக்கும் ஊர் அது. மேல்தோலைச் சுற்றி ஒரு தோல்பட்டியைத் தைத்து, அந்தப் பட்டியோடு அடித்தோலைத் தைப்பது அவர்கள் முறை. அடித்தோல் தேய்ந்தால் மேல்தோலைத் தொடாமலே அதை மட்டும் அறுத்து மாற்றிவிடலாம். தொழிற்சாலையை ஒட்டிய கடைகளில் சிறு குறையுள்ள ஜோடிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். போகும்போது தடித்த காலுறை போட்டுக்கொண்டு போய், மாலை வேளையில் அளவு பாருங்கள். சட்டையையும் டையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.