வாசகர் கேள்வி-பதில்: மெயில் சர்வரில் இடம் தீர்ந்தால்...

கேள்வி: எங்கள் கம்பெனியில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2019 மெயில் சர்வர், எல்லாமே சி டிரைவில். நேற்றிலிருந்து வெளி மெயில் எதுவும் வரவில்லை. அனுப்புகிறவர்களுக்கு ‘452 4.3.1’ என்ற பிழை காட்டுகிறதாம். டிரைவ் நிரம்பிவிட்டது. டேட்டாபேஸ் ஃபோல்டரில் ஆயிரக்கணக்கான லாக் ஃபைல்கள் கிடக்கின்றன. பழையதை அழிக்கலாமா? பேக்கப் தினமும் ஓடுகிறது.
- வாசகர், அம்பத்தூர் எஸ்டேட்

பதில்: தயவுசெய்து ஒன்றைக்கூடக் கையால் அழிக்காதீர்கள். எந்த மெயிலும் முதலில் லாகில் (மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் ஃபைலில்) எழுதப்பட்ட பிறகுதான் டேட்டாபேஸுக்குள் போகும். உள்ளே போய்ச் சேராத லாகை அழித்த நேரம் பார்த்து கரென்ட் போனால், டேட்டாபேஸ் ‘டர்ட்டி ஷட்டவுன்’ (சரியாக மூடப்படாத) நிலையில் நின்றுவிடும், மவுண்ட் ஆகாது, அதாவது திறக்காது. பிறகு ரிப்பேர் ஓட்டினாலும் எல்லா மெயிலும் திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

452 தற்காலிகப் பிழைதான். டிஸ்க்கில் இடம் குறைந்ததும் எக்ஸ்சேஞ்ச் தானாகவே வெளி மெயிலை வாங்குவதை நிறுத்திக்கொள்கிறது. அனுப்பிய சர்வர்கள் வழக்கமாகச் சில நாள்கள் வரை திரும்பத் திரும்ப முயலும். அதனால் இன்றைக்கே இடம் பண்ணிவிட்டால் நேற்றைய மெயிலும் பெரும்பாலும் வந்து சேரும்.

உடனே இடம் வேண்டுமென்றால், ‘இநெட்பப்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ஐஐஎஸ் (விண்டோஸின் வெப் சர்வர்) லாகுகளிலும், எக்ஸ்சேஞ்ச் இன்ஸ்டால் ஆன இடத்தில் உள்ள ‘லாகிங்’ ஃபோல்டரிலும் ஒரு வாரத்துக்கு மேல் பழையவற்றை நீக்கலாம். இவை வெறும் கண்காணிப்புப் பதிவுகள். பல ஜிபி தேறும். தொடக்கூடாதவை, டேட்டாபேஸ் ஃபோல்டரில் ‘ஈ00’ என்பதுபோல் பெயர் தொடங்கி, ஒவ்வொன்றும் சரியாக 1 எம்பி இருக்கும் ஃபைல்கள். இரண்டுக்குமே லாக் என்றுதான் பெயர், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இனி மூல காரணம். அந்த 1 எம்பி ஃபைல்களைச் சுத்தம் செய்வது முழு பேக்கப்பின் வேலை. உங்கள் பேக்கப் ஓடுகிறது, ஆனால் அந்த வேலையைச் செய்யவில்லை. விண்டோஸ் சர்வர் பேக்கப் என்றால் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் விஎஸ்எஸ் (பயன்பாட்டில் இருக்கும் ஃபைல்களையும் பிரதி எடுக்கும் விண்டோஸ் வசதி) பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே முதலிலேயே ‘காப்பி பேக்கப்’ என்றுதான் தேர்வாகியிருக்கும், அது லாகை நீக்காது, பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதை ‘ஃபுல் பேக்கப்’ என்று மாற்றுங்கள். தனி ஃபோல்டரை அல்ல, முழு வால்யூமையும் (டிரைவையும்) தேர்ந்தெடுங்கள். சேமிப்பதற்கு வெளி யுஎஸ்பி டிஸ்க் போதும். டேட்டாபேஸ் மவுண்ட் ஆகியிருக்க வேண்டும். முடிந்ததும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியில் ஈஎஸ்இ (எக்ஸ்சேஞ்சின் டேட்டாபேஸ் இன்ஜின்) பதிவுகளைப் பாருங்கள். ஈவென்ட் எண் 224 வந்தால் லாக் நீங்கிவிட்டது, 225 வந்தால் நீக்க எதுவும் அமையவில்லை. பேக்கப் சாஃப்ட்வேர் காட்டும் பச்சை டிக்கைவிட இந்த எண்ணை நம்புங்கள்.

பேக்கப்புக்குக் காத்திராமல் பழைய லாகைத் தானே நீக்கும் ‘சர்க்குலர் லாகிங்’ போட்டுவிடு என்று யாராவது சொல்வார்கள். இடம் கிடைக்கும்தான். ஆனால் டிஸ்க் போனால் கடைசி பேக்கப் வரைக்கும்தான் மீளும், அதற்குப் பிறகு வந்த மெயில் போனது போனதுதான். ஒற்றை சர்வர் ஆபீஸுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். எக்ஸ்சேஞ்ச் 2019-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அடுத்த பதிப்புக்கு மாறுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: இன்டர்நெட் கம்பெனியை மாற்றியதிலிருந்து எங்கள் இன்வாய்ஸ் மெயில்கள் ஜிமெயிலில் ஸ்பாமுக்குப் போகின்றன. சில திரும்பியே வருகின்றன.
- வாசகர், கிண்டி

பதில்: லைன் மாறியதும் ஐபி மாறியிருக்கும். புது ஐபியைச் சேர்க்கும்போது பழையதைத் திருத்தாமல் இரண்டாவதாக ஒரு எஸ்பிஎஃப் பதிவு (உங்கள் பெயரில் எந்தச் சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் குறிப்பு) போட்டிருக்கிறீர்களா என்று டொமைன் கன்ட்ரோல் பேனலில் பாருங்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒன்றாக்கி, பில்லிங் சாஃப்ட்வேர் வேறு சர்வர் வழியாக அனுப்பினால் அதையும் அதிலேயே சேருங்கள். அந்தப் பதிவைச் சரிபார்க்க ஆகும் டிஎன்எஸ் (டொமைன் பெயர்) தேடல் 10-ஐத் தாண்டக்கூடாது. ஐபியிலிருந்து சர்வர் பெயரைக் காட்டும், ரிவர்ஸ் டிஎன்எஸ் எனப்படும் பிடிஆர் பதிவை டொமைன் விற்றவரிடம் கேட்டுப் பயனில்லை. ஐபி கொடுத்த இன்டர்நெட் கம்பெனிதான் போட்டுத்தர வேண்டும். கூடவே மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று உறுதி செய்யும் டிகேஐஎம் கையொப்பத்தையும் ஆன் செய்யுங்கள்.

கேள்வி: கரென்ட் போய் வந்த பிறகு இரண்டு பிசிகளில் மட்டும் அவுட்லுக் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. சரியாகப் போட்டாலும் ஏற்கவில்லை.
- வாசகர், பாரிமுனை

பதில்: பாஸ்வேர்டை விட்டுவிட்டு அந்தப் பிசிகளின் தேதி, நேரத்தைப் பாருங்கள். சர்வர் நேரத்தோடு 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பெராஸ் (ஆள் யார் என்று சரிபார்க்கும் விண்டோஸ் முறை) உள்ளே விடாது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காயின் பேட்டரி தீர்ந்திருந்தால், கரென்ட் போன மாத்திரத்தில் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். பேட்டரியை மாற்றுங்கள். சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் டைம் நின்றுபோயிருந்தால் ஸ்டார்ட் கொடுத்து, ஆட்டோமேட்டிக் என்று வையுங்கள்.