கன்றை இழுத்து எடுத்த பின் பாலில் கொழுப்பு கூடி எஸ்.என்.எஃப். குறைவது ஏன்?

கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இது: எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினக் கிடாரி ஒன்று முதல் ஈற்றில் மிகவும் சிரமப்பட்டது. கன்றைக் கயிறு கட்டி இழுத்துத்தான் எடுக்க முடிந்தது. ஈன்று இருபது நாளாகிறது. பால் சொசைட்டியில் கொழுப்பு 5.1 விழுக்காடு என்றும், கொழுப்பு நீங்கலான திடப்பொருளான எஸ்.என்.எஃப். 7.9 விழுக்காடு என்றும் காட்டுகிறது. இதற்கும் அந்தச் சிரமத்துக்கும் தொடர்பு உண்டா, அடுத்த ஈற்றிலும் இப்படித்தான் ஆகுமா என்பது கேள்வி.

தொடர்பு உண்டு. ஆனால் கன்று தங்கித் தங்கி வெளிவந்தது என்பதே பாலை மாற்றிவிடுவதில்லை. அப்படி ஈன்ற மாடு சில நாட்கள் சரியாகத் தீனி எடுப்பதில்லை. கருப்பையிலோ மடியிலோ அதற்கு நோய் தொற்றுகிறது. வலியினால் பாலை முழுவதும் இறக்காமல் அடக்கிக்கொள்கிறது. இந்த மூன்று வழிகளில்தான் பாலின் தன்மை மாறுகிறது. மூன்றும் பாலில் வெவ்வேறு விதமாகத் தெரியும் என்பதால், சொசைட்டிச் சீட்டில் உள்ள எண்களைக் கூர்ந்து பார்த்தால் மாட்டின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

நான் தாராபுரம் பக்கம் ஆறேழு கறவை மாடுகளை வைத்துப் பண்ணையம் செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் கட்டுத்தரையிலும் இதே போல ஒரு மாட்டுக்குக் கன்றை இழுத்து எடுக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் வாரத்தில் கொழுப்பு 5.4 வந்தது. கொழுப்புக்குத் தகுந்த விலை கிடைத்ததால் மாடு தேறிவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த சில நாட்களில் அது அடர்தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்காமல் சோளத்தட்டை மட்டும் கடித்தது. முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. மூச்சில் ஒருவகை இனிப்பு வாடை வீசியது. வந்து பார்த்த கால்நடை மருத்துவர் மூத்திரத்தைச் சோதித்துவிட்டு, "நீங்க கொழுப்புன்னு சந்தோசப்பட்டது இந்த மாட்டோட சொந்த உடம்புங்க" என்று சொன்னார். அந்தச் சொல் இன்றும் என் மனத்தில் இருக்கிறது.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். ஈன்றவுடன் பால் சுரப்பு வேகமாக ஏறும். தீனி எடுக்கும் அளவோ மெதுவாகத்தான் ஏறும். எந்தக் கறவை மாட்டுக்கும் முதல் சில வாரங்களில் இந்த இடைவெளி இருக்கும். ஈனும்போது அடிபட்ட மாட்டுக்கு அது இன்னும் அகலமாகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட மாடு தன் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைக்கிறது; கரைந்ததில் ஒரு பகுதி இரத்தம் வழியாக மடிக்குச் சென்று பாலில் கலப்பதால் கொழுப்பு விகிதம் உயர்கிறது. மறுபுறம், தீனி குறைந்தால் இரைப்பையில் நுண்ணுயிர்கள் உருவாக்கும் புரதமும் குறையும். ஆகவே பாலின் புரதம் இறங்கும். கரைந்து வரும் கொழுப்பு ஈரலால் தாங்க முடியாத அளவுக்கு மிகும்போது, இரத்தத்தில் கீட்டோன் என்னும் பொருள்கள் சேரும் கீட்டோசிஸ் நோய் வருகிறது. புரத அளவையும் தனியாகச் சோதித்துத் தரும் இடம் உங்களுக்கு எட்டுமானால், கொழுப்பைப் புரதத்தால் வகுத்துப் பாருங்கள். எச்.எஃப். வகை மாடுகளில் அது 1.5-ஐத் தாண்டினால் மாடு உடம்பை உருக்குகிறது என்று ஐயப்பட இடமுண்டு.

எஸ்.என்.எஃப். விஷயத்தில்தான் பலரும் தவறான முடிவுக்கு வருகிறார்கள். கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள திடப்பொருள் அனைத்தும் சேர்ந்ததே எஸ்.என்.எஃப். அதில் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரைதான் பெரும்பங்கு, பாலில் ஏறக்குறைய 4.8 விழுக்காடு; புரதம் 3.2 விழுக்காட்டை ஒட்டியும் தாது உப்புகள் 0.7 விழுக்காட்டை ஒட்டியும் இருக்கும். ஆகவே 7.9 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, குறைந்தது புரதமா சர்க்கரையா என்று சொல்ல முடியாது. புரதம் குறைந்தால் குறை தீனியில் இருக்கிறது. சர்க்கரை குறைந்தால் பெரும்பாலும் மடியில் இருக்கிறது. மடிநோய் கண்ட மடியில் சுரப்புச் செல்கள் சிதைவதால் லாக்டோஸ் குறைகிறது. அந்த இடத்தை நிரப்ப இரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் பாலுக்குள் கசிகின்றன. மடிநோய்ப் பால் உப்புக் கரிப்பதற்குக் காரணம் இதுவே. உங்கள் கிடாரிக்கு நான்கு காம்புகளிலும் தனித்தனியாக முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் தட்டில் விட்டுத் திரிதிரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மடிநோயைக் கண்டுபிடிக்கும் கலிபோர்னியா சோதனையை மருத்துவரிடம் கேளுங்கள். நச்சுக்கொடி ஒரு நாளுக்குள் விழாமல் தங்கியிருந்ததா, இப்போது வாடையுள்ள கசிவு இருக்கிறதா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. கருப்பையில் சீழ் இருந்தால் மாடு காய்ச்சலோடு தீனியைக் குறைக்கும், பாலும் குறையும். இழுத்து எடுத்த பிறகு ஆண்டிபயாட்டிக் ஊசி போட்டிருந்தால், மருத்துவர் சொன்ன நாள் வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது.

மூன்றாவது வழி இதற்கு நேர்மாறானது. வலியிலும் பயத்திலும் இருக்கும் மாட்டுக்குப் பால் இறக்கும் சுரப்பு தடைபடுகிறது. கறவையில் முதலில் வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவாகவும் கடைசியில் பீச்சும் பாலில் மிக அதிகமாகவும் இருக்கும். கடைசிப் பாலை மாடு அடக்கிக்கொண்டால் கருவியில் கொழுப்பு குறைவாகவே காட்டும். அப்படிப்பட்ட மாட்டைக் கறவை போடாத மாடு என்று ஒதுக்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன், அது நியாயமில்லை. உங்கள் மாட்டுக்குக் கொழுப்பு கூடியிருப்பதால் இந்த வழி இங்கே பொருந்தாது.

இவற்றோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில நேரங்களில் ஈனும் சிரமம் பாலைக் கெடுப்பதில்லை. பால் சுரக்கத் தொடங்குவதே ஈனும் சிரமத்தைக் கொண்டுவருகிறது. பத்து லிட்டர் சீம்பாலில் ஏறத்தாழ 20 கிராம் கால்சியம் போகிறது. மாட்டின் இரத்தத்தில் ஒரு நேரத்தில் இருப்பது சில கிராம்தான். எலும்பிலிருந்து போதிய வேகத்தில் கால்சியம் இறங்காவிட்டால் கருப்பைத் தசை தளர்ந்து, கன்றைத் தள்ள வலுவில்லாமல் போகிறது, இரைப்பை மந்தமாகிறது, காம்பின் நுனி சரியாக மூடாமல் நோய்க்கிருமிக்கு வழிவிடுகிறது. இது பல ஈற்றுக் கண்ட மாடுகளில்தான் அதிகம். கிடாரிகளில் பெரும்பாலும் கன்று பெரிதாகவும் இடுப்பெலும்பு குறுகலாகவும் இருப்பதே காரணம். ஈனும் முன் பால் வற்றிய காலத்தில் கொழுக்க வைத்த மாட்டுக்கோ இரண்டு தொல்லையும் சேர்ந்து வரும்: ஈனும் வழியில் கொழுப்பு அடைக்கும், ஈன்ற பின் தீனியும் இறங்காது.

எங்கள் அப்பாரு காலத்துக் காங்கேயம் மாடுகள் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல்லை மேய்ந்து, யாரும் அருகில் இல்லாதபோதே கன்று போட்டுவிட்டு நின்றதாகச் சொல்வார்கள். நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இவ்வளவு இழுபறி கிடையாது. பாலைப் பெருக்கியது நாம். ஆகவே பக்கத்தில் நிற்க வேண்டியதும் நாம்தான்.

கன்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் எழுதுகிறேன், ஏனெனில் இழுத்து எடுத்த கன்றுகள் சீம்பால் தாமதத்தினாலும் சாகின்றன. மூச்சுத் திணறிப் பிறந்த கன்று தானாக எழுந்து ஊட்டாது. சீம்பாலின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் ஈன்ற பின் மணிக்கு மணி நீர்த்துக்கொண்டே போகும்; அவற்றை ஈர்க்கும் திறனும் கன்றின் குடலில் ஒரு நாளுக்குள் மூடிவிடும். ஆகவே முதல் இரண்டு மணி நேரத்தில் பீச்சி, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கை, 30 கிலோக் கன்றுக்கு மூன்று லிட்டரை, புட்டியில் ஊட்டத் தொடங்கிவிட வேண்டும். நாட்டுச்சர்க்கரை போட்டுச் சீம்பால் காய்ச்சுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, இன்றே கீட்டோன் சோதனை ஒன்று. இருந்தால் மருத்துவர் புரொப்பிலின் கிளைக்கால் போன்ற மருந்தை வாய் வழியாகத் தருவார். நல்ல பசுந்தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பல முறை வையுங்கள். பாலை மீட்க வேண்டும் என்று அடர்தீவனத்தை ஒரேயடியாகக் கூட்டினால் இரைப்பையில் புளிப்பு ஏறி நிலைமை மோசமாகும்.

அடுத்த ஈற்றுக்குப் பயப்பட வேண்டாம். முதல் ஈற்றின் சிரமம் பெரும்பாலும் திரும்புவதில்லை, ஏனெனில் அதற்குள் இடுப்பு அகன்றிருக்கும். இனி வரும் கிடாரிகளுக்கு உடம்பு எடை 250 கிலோவை எட்டும் முன் சினை ஊசி போடாதீர்கள். சிறிய கிடாரிக்கு ஜெர்சி விந்து போடச் சொல்லிக் கேளுங்கள்: தூய இனத்தில் எச்.எஃப். கன்று ஏறத்தாழ 40 கிலோ இருக்கும்போது ஜெர்சிக் கன்று 25 கிலோதான் இருக்கும். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முன்கால்களும் மூக்கும் தெரியாவிட்டால், நீங்களே கயிற்றை எடுக்காமல் மருத்துவரை அழையுங்கள்.