மனிசி மட்டும் ஏன் கிளினிக் போகிறா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எனக்கு 34 வயது. கலியாணம் முடித்து நாலு வருடம், குழந்தை இல்லை. மனிசி மாதாமாதம் கிளிநொச்சிக்குக் கிளினிக் போகிறா; வற்றாப்பளை அம்மனுக்கும் நேர்த்தி வைத்திருக்கிறா. ஆண்களின் விந்தணு பாதியாகக் குறைந்துவிட்டதென்று ஒரு டென்மார்க் விஞ்ஞானி எழுதியிருக்கிறாராம். ஆயிரக்கணக்கான ஆய்வுகள் அதை மேற்கோள் காட்டியிருப்பதால் பிழையாக இருக்காது என்கிறான் கம்பசில் படிக்கும் என் தம்பி. உண்மையா? நான் இரண்டு போகமும் வயலுக்கு மருந்தடிப்பவன்.
– பெயர் வேண்டாம், துணுக்காய்

பதில்: தம்பி, பெயரை மறைத்தாவது கேட்டீர்களே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். 29 வருடம் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியோடு இருந்தவன் நான். ஏழு வருடமாக மனைவியை மட்டும் கிளினிக்குக்கு அனுப்பிய ஒருவர் எட்டாவது வருடம் வந்தார். அவருடைய மாதிரியில் ஒரு விந்தணுகூட இல்லை. அந்த ஏழு வருடமும் ஊர் அவருடைய மனைவியை என்னவென்று அழைத்தது என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

உங்கள் தம்பி சொல்பவர் கொப்பன்ஹேகன் மருத்துவ விஞ்ஞானி நீல்ஸ் ஸ்காக்கெபெக். 1992இல் அவரும் மூன்று பேரும் 61 ஆய்வுகளை, 14,947 ஆண்களின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு மில்லிலீற்றரில் சராசரியாக 1940இல் 113 மில்லியனாக இருந்த விந்தணுக்கள் 1990இல் 66 மில்லியன் என்று வந்தது. ஆயிரக்கணக்கில் மேற்கோள் காட்டப்பட்டதும் உண்மை. ஆனால் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஒருவரின் பெயர் அதிகம் அடிபட்டால் எல்லாரும் அவர் பக்கம் என்று அர்த்தமா? மறுத்து எழுதுகிறவரும் அவரைக் குறிப்பிட்டுத்தான் மறுக்க வேண்டும். அதுவும் மேற்கோள் கணக்கில் ஒன்றாக ஏறும்.

மறுத்தவர்கள் கேட்டது எனக்கு நன்றாக விளங்கியது. பழைய ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. எண்ணும் முறையும் இடத்துக்கிடம் வேறு. ஒரே மாதிரியை நானும் கூட வேலை செய்த தங்கச்சியும் எண்ணினால் இரண்டு விடை வரும். அதனால்தான் குறைந்தது 200 விந்தணுவை, இரண்டு தடவை எண்ணி ஒப்பிடச் சொல்கிறார்கள். இருந்தாலும் அந்தக் கட்டுரையை நான் மதிக்கிறேன். அது கிளப்பிய சண்டையால்தான் மற்றவர்கள் இறங்கித் தேடினார்கள். 2017இல் 185 ஆய்வுகள், 42,935 ஆண்கள் என்று இன்னும் கவனமாகச் செய்த தொகுப்பு வந்தது. வட அமெரிக்கா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆண்களில் 1973 முதல் 2011 வரை விந்தணு அடர்த்தி 52 வீதத்துக்கு மேல் குறைந்ததென்றது. 2022இல் வந்த அடுத்த தொகுப்பில் ஆசியாவும் ஆபிரிக்காவும் சேர்ந்தன, அங்கும் குறைவுதான்.

ஆனால் உலகச் சராசரி உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது, தம்பி. உங்கள் மாதிரிதான் சொல்லும். இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டுக் கொடுங்கள். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டோடு ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்கு வர வேண்டும். வழியில் நின்று தேத்தண்ணீர் குடிக்க நேரமில்லை. எண்ணிக்கை ஒரு மில்லிலீற்றருக்குக் கீழெல்லையான 16 மில்லியனுக்குக் கீழே வந்தாலும் இடிந்துபோக வேண்டாம். அதற்குக் குறைவாக இருந்தும் தகப்பனானவர்கள் உண்டு. ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதமளவில் செல்லும். அண்மையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் விட்டு மறுபடி பாருங்கள்.

மருந்து பற்றிய உங்கள் பயம் நியாயமானது. 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற, பயிர் வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்லும் மருந்தைச் செய்த தொழிற்சாலையில், தங்களுக்குப் பிள்ளை பிறப்பதில்லை என்பதை முதலில் கவனித்தவர்கள் அங்கே வேலை செய்த ஆண்களேதான். பரிசோதித்தபோது பலருக்கு விந்தணு குறைவு, சிலருக்கு அறவே இல்லை. நீங்கள் அடிப்பது அதுவல்ல. ஆனாலும் கைமுட்டச் சட்டையும் கையுறையும் போடுங்கள், காற்றுக்கு எதிரே அடிக்காதீர்கள், கை கழுவாமல் வெற்றிலை போடாதீர்கள். எந்த மருந்து, எத்தனை நாள் என்று கொப்பியில் எழுதி டொக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பேரனுக்கு எட்டு மாதம். ஒரு பக்க விதை இன்னும் விதைப்பைக்குள் இறங்கவில்லை. வளர வளர இறங்கும் என்கிறார்கள். பொறுக்கலாமா?
– ஒரு அம்மம்மா, ஒட்டுசுட்டான்

பதில்: பொறுக்க வேண்டாம், அம்மா. ஆறு மாதத்துக்குப் பிறகு தானாக இறங்குவது அரிது. ஒன்றரை வயதுக்குள் சத்திரசிகிச்சை செய்வது நல்லது. பிந்தினால் பிற்காலத்தில் விந்தணு குறையவும் விதையில் புற்றுநோய் வரவும் வாய்ப்புக் கூடும். இந்தக் கிழமையே பிள்ளையின் கிளினிக் கொப்பியோடு மருத்துவமாதுவைப் பிடியுங்கள். சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.