கான்ட்ராஸ்ட் கூட்டலாம், அசலில் கை வைக்காமல்

தாராசுரம் அன்பர்: தேர் மண்டபத்துச் சக்கரத்தைப் படமெடுத்தேன். மங்கலாக இருந்ததால் போட்டோஷாப்பில் கான்ட்ராஸ்ட் கூட்டி ஜேபெக்காகச் சேமித்தேன். ஆரங்களுக்கு இடையில் நிழலெல்லாம் கரி அப்பியதுபோல் ஆகிவிட்டது. மீட்க முடியுமா?

அந்தக் கோப்பில் முடியாது. கார்டில் அசல் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இமேஜ் மெனுப் பக்கமே போகாதீர்கள்; அங்கே செய்யும் மாற்றம் படத்திலேயே பதிந்துவிடும். லேயர் பேனலின் அடியில் பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கும். அதை அழுத்தி கர்வ்ஸ் எடுங்கள்; வெளிச்சத்தையும் நிழலையும் ஒரு கோட்டை வளைத்துத் திருத்தும் கருவி அது. படத்தின் மேல் தனி லேயராக, அதாவது தனி அடுக்காக உட்காரும். கோட்டின் கீழ்ப்பகுதியைச் சற்று இறக்கி, மேல்பகுதியைச் சற்று ஏற்றுங்கள். கல்லின் நிறம் செம்மண்போல் ஏறினால் லேயர் படத்தோடு கலக்கும் விதத்தை, அதாவது பிளெண்ட் மோடை, லூமினாசிட்டிக்கு மாற்றுங்கள்; வெளிச்சம் மட்டும் மாறும், நிறம் மாறாது. அப்புறம் அந்த லேயரோடு வரும் வெள்ளைக் கட்டம்தான் மாஸ்க்; அதில் கறுப்பு தடவிய இடத்தில் கர்வ்ஸ் வேலை செய்யாது. அதில் மென்மையான கறுப்பு பிரஷ், ஒபாசிட்டி 30 வைத்து ஆரங்களின் இடுக்கில் மட்டும் தடவுங்கள்; உளி பட்ட தடம் திரும்பத் தெரியும். லேயர்களைக் காக்கும் போட்டோஷாப் கோப்பான பிஎஸ்டியாகச் சேமித்தால் நாளைக்கு மனம் மாறினாலும் திருத்தலாம்.

கடை ஆரம்பித்த புதிதில் தாத்தாவின் அறுவடைப் படம் ஒன்றை அதே பெயரில் சேமித்து இழந்தேன். அதனால்தான் சொல்கிறேன்: அசலின் மேல் எழுதாதீர்கள்.

மன்னார்குடி அன்பர்: காசில்லாமல் செய்ய வழி உண்டா?

உண்டு. 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0 என்ற இலவச மென்பொருளில் கர்வ்ஸைப் பிறகும் திருத்தலாம். ஜிம்பின் சொந்தக் கோப்பான எக்ஸ்சிஎஃப்பாகச் சேமிக்க வேண்டும். ரா கோப்பு, அதாவது கேமரா ஜேபெக்காக மாற்றாமல் தரும் மூலப் பதிவு என்றால், டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள்.

திருவையாறு அன்பர்: ரா அவசியமா?

ஆம். 8 பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள்தான்; 14 பிட் ராவில் 16,384. கான்ட்ராஸ்டை இழுக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

பாபநாசம் அன்பர்: ஜேபெக்காகச் சேமித்துவிட்டேன், பழையபடி ஆக்க…

தாராசுரத்துக்குச் சொன்னதுதான். அசலைத் தேடுங்கள்.

திருவாரூர் அன்பர்: மார்கழிப் பனியில் நெல்வயல். டீஹேஸ் எவ்வளவு வைக்கலாம்?

வைக்காதீர்கள். டீஹேஸ் பனி மங்கலை அகற்றும் கருவி. பனிக்காகத்தானே விடியுமுன் வரப்பில் போய் நின்றீர்கள்?

நாகப்பட்டினம் அன்பர்: ஏற்க மாட்டேன். நேரில் பார்க்கும்போது தெளிவாகத்தானே தெரிகிறது? படத்தில்தான் சாம்பல் பூசினதுபோல் இருக்கிறது.

நியாயமான கேள்வி. கண் அந்த மங்கலுக்குப் பழகிக்கொள்கிறது. கேமரா அப்படிப் பழகாது. பனிப் படத்தின் ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம், நடுவில் குவிந்திருப்பது குற்றமில்லை. பக்கத்துத் தென்னை கருமையாக, அடுத்த வரிசை சாம்பலாக, மூன்றாவது வரிசை இருப்பதே தெரியாமல் இருக்கும். வயலின் ஆழத்தைக் காட்டுவது இப்படிப் படிப்படியாக மங்குவதுதான். டீஹேஸை ஏற்றினால் மூன்றும் ஒரே தட்டில் வந்து நிற்கும்.

நாகப்பட்டினம் அன்பர்: அப்படியே விட்டால் பார்ப்பவர்கள் சோகையாக இருக்கிறது என்கிறார்களே?

அப்படியே விடச் சொல்லவில்லை. கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் நகர்த்தும் லெவல்ஸ் லேயர் ஒன்று போட்டு, பக்கத்துத் தென்னையின் அடிமரம் கறுப்பைத் தொடும்வரை இடது முனையை நகர்த்துங்கள். வெள்ளை முனையைத் தொடவேண்டாம். மாஸ்க்கில் கீழிருந்து மேலாக, வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மெல்ல மாறும் கிரேடியன்ட் இழுத்தால் முன்னாலிருக்கும் வரப்பும் நாற்றும் மட்டும் துலங்கும், தூரத்துப் பனி அப்படியே இருக்கும். இதை 16 பிட்டில் செய்யுங்கள். 8 பிட்டில் இழுத்தால் பனி வானம் பட்டை பட்டையாக உடையும்.

வேதாரண்யம் அன்பர்: உப்பளப் படம் பிரிண்டில் இருட்டாக வருகிறது.

முதலில் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். மீதியை லேப்காரரிடம் கேளுங்கள், அது அவர் தொழில்.

கும்பகோணம் அன்பர்: சேமித்த ஜேபெக்கை…

அசல் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் அனுப்புங்கள், பார்க்கிறேன்.